எனக்கு அஞ்சுதான்

"எனக்கு அஞ்சு வயசு ஆன்ட்டி. இன்னும் பத்து நிமிஷத்துல ஆறாயிடும். அப்புறம் உள்ளே விடுவீங்கல்ல?"

மருத்துவமனை வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாளாக இதே வாண்டுதான். தலைக்கு மேல் பலகை இருந்தது: ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

"பத்து நிமிஷத்துல எப்படி ஆறாகும்?"

"மாமா கேக் வாங்கிட்டு வரப் போயிருக்காங்க. வெட்டினா ஆயிடும்."

முதல் நாளே அந்த மாமன் ஒரு முயற்சி செய்து பார்த்தான். லாரி ஓட்டுகிறவன். அக்கா கால் முறிந்து படுத்திருக்கிறாள், மச்சான் அவள் கட்டிலைவிட்டு நகர முடியவில்லை என்று கேள்விப்பட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்தவன். அக்கா மகளின் பிறந்த தேதி அவனுக்குத் தெரியாது, தன்னுடையதே சந்தேகம்தான்.

"பாப்பாவுக்கு ஆறு வயசாச்சும்மா" என்று கூசாமல் அடித்துவிட்டான்.

"இல்ல மாமா, எனக்கு அஞ்சுதான்!" என்று பாப்பா கத்தினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து காவல்காரம்மா அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் அம்மாவைப் பார்த்தாக வேண்டும். பாப்பா அழவில்லை. நேராக ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள்.

"கேக் வெட்டினதால எல்லாம் வயசு ஏறாது பாப்பா. அது தானா ஏறும்."

"தானா எப்படி ஏறும்? உங்களுக்கு யாரும் கேக் வாங்கித் தரலியா?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்ல."

"அதான் குட்டையா இருக்கீங்க."

காவல்காரம்மா சிரிப்பை விழுங்கினார். "உங்க மாமாவைவிட நான் இருபது வயசு பெரியவ, தெரியுமா?"

"பொய். மாமா உங்களைவிட உசரம்."

உயரமான மாமா மூச்சிரைக்க வந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"கேன்டீன்ல கேக் தீர்ந்துபோச்சுடா. பன்னுதான் கிடைச்சுது."

பாப்பாவின் முகத்தில் முதல்முறையாகக் கலக்கம். "பன்னுல ஆகுமா மாமா?"

"உள்ள ஜாம் இருக்கு. தாராளமா ஆகும்."

நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்து, ஐஸ்கிரீம் குச்சியால் பாப்பா பன்னை வெட்டினாள். மாமன், ரிவர்ஸ் எடுக்கும் லாரி மாதிரி ஒரே சுதியில் வாழ்த்துப் பாடினான். முதல் துண்டு காவல்காரம்மாவிடம் நீண்டது.

"என்ன, லஞ்சமா?"

"இல்ல. பிறந்தநாள். இப்ப எனக்கு ஆறு. பாருங்க, வளந்துட்டேன்." நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"குதிகாலை இறக்கு."

இறக்கினாள். "இப்பவும் ஆறுதான்."

காவல்காரம்மா பெருமூச்சு விட்டார். "எனக்கும் விட ஆசைதான் கண்ணு. மேல கேமரா இருக்கு. அஞ்சு வயசுப் பிள்ளையை விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"கொஞ்சம் மனசு வைங்கம்மா" என்றான் மாமன்.

"நீ பேசாதே தம்பி. பச்சப்புள்ள உண்மை பேசுது, எருமை மாடாட்டம் வளந்த நீ புளுகுற."

மாமன் தலை குனிந்துகொண்டான். பாப்பா மட்டும் நகரவில்லை. மிச்சப் பன்னை மடித்துப் பையில் வைத்தாள். அது அம்மாவுக்காம்.

அப்போது வார்டுக் கதவைத் திறந்துகொண்டு பாப்பாவின் அப்பா வந்தார். பல நாள் தாடி, கையில் மருந்துச் சீட்டு.

"என்ன கூட்டம் இங்க?"

"வாங்க சார். உங்க பொண்ணு பன்னை வெட்டிட்டு, ஆறு வயசாயிடுச்சு, உள்ளே விடுங்கன்னு சண்டைக்கு நிக்கறா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

அவர் பலகையை மெதுவாகப் படித்தார். "சின்னப் பிள்ளைங்க யாரையுமே விட மாட்டீங்கன்னுல்ல நினைச்சேன். ஆறு இருந்தா போதுமா?"

"போதும். இவதான் தன் வாயாலயே அஞ்சுன்னு சொல்றாளே!"

"இவளுக்கு ஆறாகி ஒன்பது நாள் ஆச்சும்மா. அன்னைக்கு பலூன் கட்ட ஸ்டூல்ல ஏறித்தான் இவ அம்மா விழுந்தா. வாங்கி வெச்ச கேக் இன்னும் வெட்டாம ஃப்ரிட்ஜ்லயே கிடக்கு."