ஒருவர் மட்டும்

அக்கம்பக்கத்து நாடுகள் நான்கு சேர்ந்து கட்டிய இணையப் பாதுகாப்பு மையம் அது. எந்த நாட்டுக் கணினிக்குள் திருடன் நுழைந்தாலும் நான்கு நாட்டாரும் ஒரே அறையிலிருந்து துரத்துவார்கள். அந்த அறைக்கு முன்னால், இரண்டு கதவுகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கூண்டு. நிற்பது ஒரே ஆள்தான் என்று அதன் தரை எடைபோட்டுச் சொன்னால்தான் உள்கதவு திறக்கும். முகதாட்சண்யமே கிடையாது.

காலை வேலைக்கு வந்த பொறியாளர் கூண்டுக்குள் நுழைந்தாள். வெளிக்கதவு மூடிக்கொண்டது.

"இருவர் உள்ளீர்கள்," என்றது இயந்திரக் குரல்.

அவள் இன்டர்காமை அழுத்திக் காவலாளியைக் கூப்பிட்டாள். "அண்ணே, நான் ஒருத்திதான் நிக்கிறேன். இது ரெண்டு பேருங்குது."

"உன் சாப்பாட்டு டப்பாவையும் ஆளுன்னு எண்ணிடுச்சோ என்னமோ!" என்று சிரித்தார் அவர். "ரூல்படி கூடாதுதான். இரும்மா, திறந்து விடுறேன்."

உள்கதவு திறந்தது. அவள் காலெடுத்து வைப்பதற்குள் மூடியும் கொண்டது.

"அண்ணே, மறுபடி திறங்க. நான் இன்னும் கூண்டுலதான் இருக்கேன்."

"விளையாடாதம்மா. நீதான் உள்ள போய் உன் சீட்ல உக்காந்துட்டியே. கேமராவுல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவள் இரு கைகளாலும் கதவை அறைந்தாள்.

"கூண்டில் யாரும் இல்லை," என்றது குரல். விளக்கு அணைந்தது.