மாப்பிள்ளை கடைக் கம்ப்யூட்டர்

அப்பா வீசிய ஹெல்மெட் சுவரில் மோதி என் காலடியில் வந்து விழுந்தது. அக்கா சோபாவின் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் சட்டைக் காலர் அப்பாவின் கையில் இருந்தது.

“மாமனார் வீட்டுக்கே ஓட்டை உடைசலைக் கட்டி விட்டிருக்கியே, ஊருக்கு என்னென்ன வித்திருப்பே?”

“மாமா, கம்ப்யூட்டர்ல நான் போட்டது நல்ல கார்டு. கடையில ராத்திரி பகலா ஓட்டிப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன்.”

“அப்போ இது என்ன ஊர்வலமா?” அப்பா திரையைக் காட்டினார்.

திரையில் என் ரேஸ் கார் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்புவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடும்.

சொல்லவே பயமாக இருக்கிறது. சொல்லாமல் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று நச்சரித்தவள் நான்தான். மாப்பிள்ளை பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். “அவர்கிட்டயே வாங்குவோம், ஆள் எப்படின்னும் தெரிஞ்சுபோகும்” என்று அப்பா சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை கணக்குப் பார்த்துத்தான் சேர்த்தார். பெட்டி சாதாரணம், உள்ளே மற்றதெல்லாம் சாதாரணம். கேமுக்கு உயிரான கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெரியதாக, யாரோ கொஞ்ச நாள் ஓட்டியதாகப் பார்த்துப் போட்டார். வந்த பெட்டியை மேஜையில் வைத்து, வயர்களை மாட்டி, ஓடவிட்டது அக்கா. அவள் ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கிட்டவே விடவில்லை.

“நான் தப்பு பண்ணியிருந்தா செருப்பால அடிங்க மாமா. பெட்டிக்குப் பின்னாடி ஒரு தடவை பார்த்துக்கறேன்.” மாப்பிள்ளை மேஜைப் பக்கம் நகர்ந்தார்.

“தொட விடாதீங்கப்பா!” அக்கா அழுகையோடு கத்தினாள். “எதையாவது மாத்திட்டு, நல்லாத்தானே இருக்குன்னு நம்மளையே முட்டாளாக்கிடுவாரு!”

காலரைப் பிடித்தபோதுகூட மாப்பிள்ளையின் முகம் அப்படி ஆகவில்லை. இப்போது ரத்தமே இல்லாமல் வெளுத்துவிட்டது.

“கேட்டுக்கிட்டியா? என் பொண்ணே சொல்லிட்டா. கல்யாணமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. நடடா வெளியே!”

அப்பா அதோடு விடவில்லை. மாப்பிள்ளையின் கண்ணெதிரிலேயே போனை எடுத்து, எங்கள் குடியிருப்பு குரூப்புக்குக் குரல் பதிவு பேசினார். “அந்தக் கம்ப்யூட்டர் கடைப் பக்கம் ஒருத்தரும் போயிடாதீங்க. சரியான முடிச்சவிக்கி. நானே ஏமாந்துட்டேன்.”

“மாமா, அதை அனுப்பிடாதீங்க. எனக்கு அந்தக் கடையை விட்டா வேற…”

அவர் முடிப்பதற்குள் அது போய்விட்டது.

“ஏய், அந்த ஹெல்மெட்டை எடுத்துட்டுப் போய்த் தெருவுல போடு!” என்றார் அப்பா என்னிடம்.

வாசலில் மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்தேன்.

“பாப்பா, ஒண்ணே ஒண்ணு பாரு,” என்றார் மெதுவாக. “திரை வயரைச் சொருக பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு இடம் இருக்கும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இருக்கிறதுதான் கார்டோடது. மேல சொருகினாலும் படம் வரும். ஆனா கார்டு சும்மா தூங்கும், கேம் இப்படித்தான் நொண்டும்.”

“அங்கே அந்தத் திருடனோட என்னடி பேச்சு?” உள்ளேயிருந்து அப்பா.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். கிளப்பக்கூட இல்லை.

அப்பா போனைக் காதில் வைத்தபடி மாடிக்கு ஏறினார். நான் மேஜைக்கு அடியில் நுழைந்தேன். வயர் மேலே இருந்தது. உருவிக் கீழே சொருகிவிட்டு ரேஸைத் தொடங்கினேன்.

கார் பறந்தது. கண்ணாடியில் வழிகிற மழைத்துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாவம் அக்கா, அவசரத்தில் இடம் மாற்றிச் சொருகிவிட்டாள். அதற்குப் போய் அவள் கல்யாணமே நின்றுவிட்டதே!

“அக்கா, அழாதே! கார்டு நல்லாத்தான் இருக்கு. அவரு ஏமாத்தவே இல்லக்கா! இரு, அப்பாவைக் கூப்பிடறேன். அப்…”

அவள் கை என் வாயை அழுத்திப் பொத்தியது. கன்னத்தில் ஈரமே இல்லை. இன்னொரு கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டாள். குனியவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. தடவியே வயரை உருவி, மறுபடி மேலே சொருகினாள்.

திரையில் கார் நொண்ட ஆரம்பித்தது.

“எத்தனை தடவை வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “இந்த வீட்டுல யார் காதுலயாவது விழுந்துச்சா?”

அவள் விரல்களை விலக்கிக்கொண்டு கேட்டேன். “அவரு உனக்கு என்னக்கா பண்ணினாரு?”

“ஒண்ணும் பண்ணலை. நல்ல ஆளுதான்.”

“அவரு கடை போயிடும்க்கா…”

மாடியில் அப்பா இன்னும் யாரிடமோ “திருடன், திருடன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் தோளைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“போ, உண்மையைச் சொல்லு. அவரு தப்பிச்சுடுவாரு, என்னைக் கட்டி வெச்சிடுவாங்க. யாரைடீ காப்பாத்தப் போறே?”