மோகனூர் போகும் கார்

“உங்க கார் வருசத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுமுங்க?”

போன வருடம், முதுகு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்த ஜெர்லினிடம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் குணசீலன் கேட்டான்.

“ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க. எங்கம்மா மோகனூர் முதியோர் இல்லத்துல இருக்காங்க. சேலத்துலருந்து போய்வர நூத்தி நாப்பது.”

ஓடும் தூரத்துக்கு மட்டும் பணம் கட்டும் பாலிசியைப் போட்டு, தூரத்தை அளக்கும் கருவி ஒன்றையும் காரில் மாட்டிக் கொடுத்தான்.

இன்னமும் அவளால் காரில் நெடுநேரம் உட்கார முடியாது. காது கேளாத அம்மாவிடம் போனிலும் பேச முடியாது. இல்லத்தில் கொடுத்திருந்தது கணவன் ஆண்ட்ரூஸின் நம்பர். வாராவாரம் அவள் வைத்த மீன்குழம்பை அவன்தான் கொண்டுபோவான், கழுவிய தூக்குச்சட்டியோடு திரும்புவான்.

இந்த ஞாயிறும் திரும்பினான்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“புளி தூக்கலாம். உன் கை அப்படித்தான்னு சிரிச்சாங்க.”

ஜெர்லினும் சிரித்தாள். அந்த நேரம் பாலிசியைப் புதுப்பிக்க குணசீலன் வந்தான்.

“அக்கா, ஏழாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்குப் போட்டீங்க. ரெண்டாயிரங்கூட ஓடலீங்க!”

“மீட்டர் ரிப்பேரா இருக்கும்” என்றாள் ஜெர்லின்.

“கார்ல மாட்டுன கருவி தப்பாக் காட்டாதுங்க. செல்லுல பாருங்க. மொத நாலு ஞாயிறு மோகனூர். அப்புறம் எல்லாமே இங்க பக்கத்துல பனமரத்துப்பட்டி ஏரிக்கரைதான். மூணு மணி நேரம் அங்கயே நிக்குதுங்க.”

ஜெர்லின் கணவனைப் பார்த்தாள். போன கல்லறைத் திருநாள் நினைவுக்கு வந்தது. அவன் அப்பாவின் கல்லறைக்கு ஒரு மாலை போதும். அவன் இரண்டு வாங்கி வந்திருந்தான்.

“என்னங்க, எங்கம்மா இருக்காங்களா?”

ஆண்ட்ரூஸ் கார் சாவியை மேசைமேல் வைத்தான். வெளியே நடந்தான்.