முட்டுக்கம்பும் பச்சை டிக்கும்

சவுக்குக் கம்புக்கு முதல் துரோகம் செய்தது டேப்லெட்தான். அதைக் கம்பு மறக்கவே இல்லை.

புதுக் கட்டடத்தின் கான்கிரீட் கூரைக்கு முட்டுக் கொடுத்து நின்ற கம்புகளை ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும் முன்பே சூப்பர்வைசர், தலைமை ஆபீஸ் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, 'முட்டுப் பிரித்தாயிற்று' என டேப்லெட்டில் அமுக்கிவிட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். மூலையில் இந்த ஒரு கம்பு மட்டும் மாட்டிக்கொண்டது.

மறுநாளும் அதை எடுக்க யாரும் வரவில்லை. அன்றைய வேலைப் பட்டியலோடு டேப்லெட் மட்டும் சுவரோரம் இருந்தது.

"தம்பி, என்னைப் படுக்க வைக்கச் சொல்லேன். இடுப்பு விட்டுப்போச்சு," என்றது கம்பு.

"நீங்க எப்பவோ படுத்தாச்சு அண்ணே. பச்சை டிக் விழுந்திருக்கு பாருங்க," என்றது டேப்லெட்.

"அப்போ இங்க நிக்கிறது யாருடா, உங்க மாமனா?"

"அது என்கிட்ட இல்லண்ணே. இன்னிக்கு டைல்ஸ் வேலைதான் இருக்கு."

"தப்பா டிக் போட்டுட்டீங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவரு மாத்தினா அவருக்குத்தான் திட்டு விழும். மாத்துவாரா?"

டைல்ஸ்காரர் வந்தார். கம்பை அண்ணாந்து பார்த்தார். டேப்லெட்டையும் பார்த்தார். "எடுக்கணும்னா இதுல வந்திருக்குமே," என்று முனகிக்கொண்டே, கம்பின் காலைச் சுற்றி டைல்ஸை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டுப் போனார்.

தரை பளபளத்தது. டேப்லெட்டில் இன்னொரு பச்சை டிக் விழுந்தது. கம்பு அதையும் மனதில் வைத்துக்கொண்டு, கூரையைத் தாங்கியபடியே நின்றது.