தூள் வறுக்கும் மணம்

தெருவில் எல்லாக் கூரைகளிலும் வெண்பனி கொட்டி அசையாமல் கிடந்தது. தவமலர் வீட்டு அடுப்படிக்கு மேலே மட்டும் அது உருகி வழிந்து, கூரை விளிம்பில் மறுபடி உறைந்து, அணைபோல் நின்றது. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மூன்றாவது குளிர்காலமாக, அடுப்படியை ஒட்டிய அறையில் அவளுடைய கட்டிலில் சொட்டியது.

வீட்டுக்குள் ஏணி வைத்து, உட்கூரைத் திறப்பு வழியாகக் கூரைக்குள் தலையை நீட்டினாள். அடுப்படிப் புகை வெளியேறும் குழாயை யாரோ கழற்றி, உள்ளேயே திருப்பி வைத்திருந்தார்கள். அவள் சமைத்த வெக்கையெல்லாம் அங்கேதான் அடைந்து, மேலே கிடந்த பனியை உருக்கிக்கொண்டிருந்தது.

“நான்தான் கழட்டினனான்,” என்றார் ஏணியைப் பிடித்திருந்த கணவர் குணநாயகம். “மிளகாய்த் தூள் வறுக்கிற மணம் வெளியில போனா அயலட்டைச் சனம் என்ன நினைப்பினம்? வறுக்கிறதை நிப்பாட்டுமன்.”

“அவை என்னவும் நினைக்கட்டும். நான் இனி நனையமாட்டன்.”

அன்றைக்கே அவள் புதுக் குழாய் வாங்கி, சுவரைத் துளைத்து, அதன் வாயைத் தெருப்பக்கம் வைத்துப் பொருத்தினாள். மறுநாள் காலை தாச்சிச் சட்டியில் காய்ந்த செத்தல் மிளகாய் கருகக் கருக வறுபட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குணநாயகம் ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

தவமலர் புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் விட்டு, இன்னுமொரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டாள்.