பதின்மூன்றாவது மாதம்

ஈராக்கின் பஸ்ரா நகரத்து மதிய வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கணக்கெடுப்புப் படிவத்தின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்க, தலைநகரில் நான்கு நாள் பயிற்சி பெற்ற கம்பீரத்தோடு, கணக்கெடுக்க வந்த கஹ்தான் கேட்கிறான்: "போன பன்னிரண்டு மாசத்துல இந்த வீட்ல யாருக்காவது குற்றத்தால பாதிப்பு உண்டாம்மா?" உம் சினான், அதாவது சினானின் அம்மா, தேநீரை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "எம் மகனக் கையக் கட்டி வண்டில தூக்கிட்டுப் போனாங்க. பதிமூணு மாசமாச்சு." பேனா நின்றுவிடுகிறது. "ஒரு மாசம் கூடிப் போச்சேம்மா." "கொஞ்சம் பொறுத்துத் தூக்குங்கன்னு சொல்லியிருக்கணுமோ? இன்னைக்கும் அவன் வரலையே தம்பி, அப்போ இன்னைக்கும்தானே நடக்குது?" அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டிலோ சினான் 'சுயவிருப்பத்தில் வெளியூர் சென்றவன்'. கட்டிய கையோடு சுயமாகப் போயிருக்கிறான். "ஆறு மாசம் வீட்ல இல்லாதவரைக் குடும்பத்துல சேர்க்கவும் கூடாதும்மா." 'குற்றம் ஏதுமில்லை' என்று குறித்துவிட்டுக் கஹ்தான் கடைசிக் கேள்விக்கு வருகிறான். "உங்க பேரு?" "உம் சினான்." "அது ஊர் கூப்பிடுறது. அடையாள அட்டைல இருக்குற பேரச் சொல்லுங்க." அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், தேநீர் கவிழ்ந்து பாயில் பரவுகிறது. "உம் சினான்னே எழுதுப்பா. ஒரு காகிதத்துலயாவது அவன் இருக்கட்டும்."