முந்தி வரும் சத்தம்

தம்பி இறந்தபின் அவனுடைய சிந்தசைசர் கீபோர்டை அக்கா ஸ்டுடியோவுக்குத் தூக்கி வந்தாள். இருவரும் பாதியில் விட்ட பாட்டை அவள்தான் வாசித்து முடிக்க வேண்டும். ஆனால் கட்டையை அழுத்தினால் சத்தம் கணினிக்குத் தாமதமாகவே வந்தது. ஒலிப்பதிவாளர் மென்பொருளில், சத்தத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்து அனுப்பும் பஃபரைக் குறைத்துக்கொண்டே போனார். தாமதம் பூஜ்யமானது. பிறகு, திரை மைனஸ் பன்னிரண்டு மில்லிசெகண்ட் என்று காட்டியது.

“நீங்க அழுத்துறதுக்கு முன்னாடியே சத்தம் வருதும்மா. அப்படி வரவே கூடாது. சரி பண்ணிடவா?”

“விடுங்க சார். அவன் என்னைக்குத் தாளத்துல நின்னான்? முந்திரிக்கொட்டை.”

அவள் வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் அவள் விரலுக்குச் சற்று முன்னால் ஒலித்தது. கடைசிச் சுரமும் அப்படியே முந்திக்கொண்டு ஒலித்தபோது அவளுக்குக் கை இறங்கவில்லை. அழுத்திவிட்டால் பாட்டு முடிந்துவிடும். அந்தச் சுரம் கொஞ்சமும் தேயாமல் ஒலித்தபடியே, அவள் விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.